அடைக்கலத்தின் உடம்பில் நான்கு மணி நேரம்

மதிப்பிற்குரிய மீனாள் அவர்களுக்கு,

வணக்கம். நாம் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனால் பேசியிருக்கிறோம். சென்ற வெள்ளிக்கிழமை, ராகு காலம் முடிந்த கால் மணி நேரத்தில், உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு செல்போனைச் செம்பின்மேல் சாய்த்து வைத்து மாப்பிள்ளை பார்த்தீர்களே, முப்பத்திரண்டு நிமிடம் பேசினீர்களே, அந்தப் பேச்சு என்னுடையது. முகமும் குரலும் மட்டும் அடைக்கலம் அவர்களுடையவை.

இந்த வரியிலேயே கடிதத்தைக் கிழிக்கத் தோன்றும். கடைசிவரை படித்துவிட்டுக் கிழிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வீட்டு விலாசத்துக்கு எழுதினால் வேறு யாராவது பிரித்துவிடுவார்கள் என்பதால், நீங்கள் வேலை பார்க்கும் சுகாதார நிலையத்து விலாசத்துக்கு எழுதுகிறேன். விலாசம் எப்படிக் கிடைத்தது என்பதும் பின்னால் வரும்.

என் பெயர் தணிகாசலம். வயது அறுபத்து மூன்று. செய்யாறு பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பராக இருபத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கனடாவில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகும் வழியில் ஒரு மாநகரத்தில் விமானம் மாற வேண்டியிருந்தது. அந்த மாநகரத்தின் பெயரை எழுத மாட்டேன் என்று மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெயில் அதிகம், கண்ணாடிக் கட்டடங்கள் அதிகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அடுத்த விமானத்துக்கு ஆறு மணி நேரம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. வெளியே போய் ஊரைப் பார்க்கலாம் என்றால் விசா இல்லை. அப்போதுதான் ஒரு விளம்பரப் பலகையைப் பார்த்தேன். "காத்திருக்காதீர்கள். கால்களை நாங்கள் தருகிறோம்." கீழே பல மொழிகளில் ஒன்றாகத் தமிழிலும் எழுதியிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பிலோமினா, நாகர்கோவில் பக்கம். அவர்தான் விளக்கினார்.

"விசா உடம்புக்குத்தான் சார், மனசுக்கு இல்ல. நீங்க இந்த நாற்காலியில படுத்துக்கிடுங்க. தொப்பியை மாட்டிருவோம். ஊருக்குள்ள எங்க ஆள் ஒருத்தர் தயாரா இருப்பாங்க. அவங்களைத் தூங்க வச்சிட்டு, அவங்க உடம்புல உங்களை முழிக்க வச்சிருவோம். அவங்க கண்ணு, அவங்க காலு. பாக்குறது நீங்க."

"அப்ப அவரு?"

"அதான் சார், தூங்குவாங்க. நடந்தது எதுவும் அவங்களுக்குத் தெரியாது."

"தூங்கிக்கிட்டே சம்பளமா? எனக்கு யாரும் இப்படி ஒரு வேலை தரலையேம்மா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தினமும் பத்துப் பேர் இதையே சொல்வார்கள் போலிருக்கிறது.

உடம்புகளின் பட்டியலைக் காட்டினார். முழங்கால் உறுதி, வெயில் தாங்கும் திறன், மாடிப்படி எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருந்தது. பழைய பஸ்ஸுக்குத் தகுதிச் சான்று எழுதுவதுபோல. "தமிழ் ஆள் உடம்பை எடுங்க சார். நாக்கு நம்ம பேச்சுக்கு லேசா புரளும். அடைக்கலம் அண்ணன் இருக்காங்க, பொறுமையான உடம்பு," என்றார். "பாவம், உங்க விமானத்துல வர்றவங்களுக்காக அண்ணனுக்குக் காலையில வேற நேரம் போட்டிருந்தோம். உங்க விமானம் நாலு மணி நேரம் லேட்டாயிருச்சா, அவங்க டூட்டியும் தள்ளிப்போச்சு. இன்னிக்கு என்னமோ வீட்டு விசேஷம்னு கேட்டுப் பாத்தாங்க. விருந்தினர் நேரம்தான் முதல்னு மேல சொல்லிட்டாங்க."

இதை நான் காதில் வாங்கினேன். மனதில் வாங்கவில்லை. அந்த நேரத்தில் நான் நான்கு மணி நேரத்துக்குப் பதினொரு இடங்கள் என்று கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன்.

மீனாள், உங்களிடம் மாப்பிள்ளை சுற்றுலாத் துறையில் இருக்கிறார் என்று சொல்லியிருப்பார்கள். பொய் இல்லை. சுற்றுலாவே அவருக்குள்தான் நடக்கிறது.

காலை பத்து மணிக்கு ஊர் நடுவே ஒரு கூடத்தில் அவருடைய கண்களைத் திறந்தேன். முதலில் தெரிந்தது உயரம். அடுத்தது பசி. என்னுடைய பசி இல்லை, நான் விமானத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தேன். உடம்பு தருபவர்கள், அதாவது உடலாளர்கள், வெறும் வயிற்றோடு வர வேண்டுமாம், அப்போதுதான் விருந்தினருக்கு உள்ளூர்ச் சாப்பாடு ருசிக்கும். இடது முழங்காலில் ஒரு குத்தல் இருந்தது. பட்டியலில் "உறுதி" என்று போட்டிருந்த முழங்கால் அது.

மணிக்கட்டில் பச்சைப் பட்டை கட்டியிருந்தார்கள். அதைக் கண்டால் உள்ளூர்க்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும், எதற்கு வம்பு என்று விலகிப் போகிறார்கள். தெருவில் இறங்கி, ஊரின் பெயர்போன கண்ணாடிக் கோபுரத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்க நினைத்தேன். கேட்பதற்கு முன்னால் கால்கள் தாமாகத் திரும்பிவிட்டன. எந்த இடத்தில் சாலையைக் கடக்க வேண்டும், எந்த இடத்தில் நிழல் என்றுகூட அவற்றுக்குத் தெரிந்திருந்தது. வருகிற விருந்தினர் எல்லாரும் முதலில் அங்கேதான் போகிறார்கள். அவர் எத்தனை தடவை அந்தக் கோபுரத்தில் ஏறியிருப்பார் என்று கணக்கில்லை, ஆனால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்று பிலோமினா பிறகு சொன்னார்.

கோபுரத்தின் மேல்தளத்தில் நின்றுகொண்டு அட்டவணைப்படி மூன்று நிமிடம் முன்னால் இருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது, சட்டைப் பையில் போன் அடித்தது. "மாமா" என்று வந்தது. வீடியோ அழைப்பு.

உடலாளரின் போனைத் தொடக் கூடாது என்பது ஒன்பதாவது விதி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்துவிட்டேன். இருபத்தெட்டு வருடம் பணிமனையில் போன் அடித்தால் எடுத்துப் பழகிய புத்தி. ஆள் இல்லை, பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

"மாப்ள! எங்கடா போய்த் தொலைஞ்ச? பொண்ணு வீட்டுல உக்காந்திருக்கோம். பதினஞ்சு பேரு இருக்காக. ராகு காலம் முடிஞ்சு கால் மணி ஆச்சு," என்று அவருடைய தாய்மாமன் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

"ஐயா, நான் வந்து..."

"என்னடா ஐயா? டூட்டி, கீட்டின்னு இழுத்த, அங்கயே வந்து உதைப்பேன். ஆறு இடம் உன் டூட்டியால தட்டிப் போச்சு. இது ஏழாவது. பொண்ணு தங்கமான பொண்ணு, ஆஸ்பத்திரியில லேப்ல இருக்கு. இன்னிக்கும் நீ கெடைக்கலைன்னா அவுக வேற எடம் பாத்துருவாக. உங்கம்மா மூஞ்சியப் பாரு."

போனை அவர் அம்மா பக்கம் திருப்பினார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, போனில் தெரியும் மகனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில்தான் நான் தவறினேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "உங்கள் மகன் இப்போது தூங்குகிறார், அவர் உடம்பில் நான் கோபுரம் பார்க்கிறேன்" என்று பதினைந்து பேர் கூடியிருக்கும் சபையில் எப்படிச் சொல்வது? இணைப்பைத் துண்டித்தாலும் ஏழாவது இடம் போய்விடும். ஒரு பஸ் ஐந்து நிமிடம் தாமதமானாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. இங்கே ஒருவருடைய கல்யாணமே என் விமானத்தால் தாமதமாகியிருக்கிறது. நிலைமையைச் சமாளித்து, வண்டியை நேரத்துக்குக் கிளப்பிவிடுவோம் என்று நினைத்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டு, "எல்லாருக்கும் வணக்கம்," என்றேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். என் பக்கத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

யாரும் கண்டுபிடிக்கவில்லை. மாமன் மட்டும், "என்ன மாப்ள, பேச்சு வடக்க போகுது?" என்றார். கூட வேலை பார்ப்பவர்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் என்று சமாளித்தேன். உங்கள் சித்தப்பா பருவமழை பற்றிக் கேட்டார், பதில் சொன்னேன். பெட்ரோல் விலை பற்றிக் கேட்டார், அதற்கும் சொன்னேன். அவர் மிகவும் திருப்தியடைந்து, "தம்பி பொறுப்பா பேசுறாப்ல," என்று சபையைப் பார்த்துச் சொன்னார். அடைக்கலத்தின் அம்மாவோ, "முன்னயெல்லாம் கேட்டதுக்கு ம்னு ஒரு வார்த்தைதான் வரும். வெளிநாட்டுக்குப் போயி எப்படி நிமிந்து உக்காந்து பேசுறான் பாருங்க," என்று பூரித்துப்போனார். பெற்ற தாய்க்கே பழையதைவிடப் புதியது பிடித்திருந்தது.

பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று யாரோ சொல்ல, நீங்கள் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனீர்கள். அங்கேயாவது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் நீங்கள், "காலையில இருந்து ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? உதடு வெடிச்சிருக்கு. கண்ணு உள்ள போயிருக்கு," என்றீர்கள்.

நான் அந்த உடம்பில் முக்கால் மணி நேரமாக இருந்தேன். அதன் கண்ணால் கடலைப் பார்த்தேன், கப்பலைப் பார்த்தேன். அந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. "தண்ணி குடிங்க மொதல்ல. நான் இருக்கேன்," என்றீர்கள். போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். உடம்பு அதை வாங்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்து வெட்கமாக இருந்தது.

அதற்குப் பிறகு சொல்ல மனம் வரவில்லை. இதில் என் சுயநலமும் உண்டு. நான் பெண் பார்க்கப் போன நாளில் பஜ்ஜித் தட்டைத் தவிர எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் மனைவி கடைசிவரை அதைச் சொல்லிச் சிரிப்பாள். இந்தத் தடவையாவது திருத்தமாகச் செய்வோம் என்று தோன்றிவிட்டது. முப்பத்தொரு வயது முகத்தோடு பேசினால் சொல்வதெல்லாம் நன்றாக இருக்கிறது.

"கல்யாணத்துக்கு அப்புறம் நான் வேலைக்குப் போகலாமா?" என்று கேட்டீர்கள்.

"என் வேலைக்கு நான் உங்ககிட்ட அனுமதி கேட்டேனா? உங்க வேலை, உங்க முடிவு," என்றேன். சிரித்தீர்கள்.

"அம்மா தனியா இருக்காங்க. நான் ஒரே பொண்ணு."

"நம்மகூடவே இருக்கட்டும்."

"சமையல்?"

"ரெண்டு பேருக்கும் கை இருக்கே."

"நீங்க எப்ப ஊருக்கே வருவீங்க? வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து போற கல்யாணம் எனக்கு வேணாம். பக்கத்து வீட்டு அக்கா அப்படித்தான் பதிமூணு வருஷமா இருக்காங்க."

"ரெண்டே வருஷம். அப்புறம் ஊருதான்," என்றேன்.

எதை வைத்துச் சொன்னேன்? அவருடைய ஒப்பந்தம் எனக்குத் தெரியாது. அவருக்குச் சமைக்கத் தெரியுமா என்று தெரியாது. நான்கு மணி நேரத்துக்கு ஊருக்கு வந்தவன், மாலையில் கிளம்பிவிடப் போகிறவன். எனக்கு எல்லாமே சுலபமாகத் தெரிந்தது.

நீங்கள் உள்ளே போய்ச் சம்மதம் சொன்னீர்கள். கூடத்தில் யாரோ குலவையிட்டார்கள். மாமன் போனில் வந்து, "சாதிச்சுட்டடா! நல்லா படிச்ச வாத்தியாராட்டம் பேசுனடா!" என்றார். உங்கள் ஊர், நீங்கள் வேலை பார்க்கும் இடம் எல்லாவற்றையும் அவரே சந்தோஷத்தில் கொட்டினார்.

அதன்பின் நான் வேறு எந்த இடத்தையும் பார்க்கவில்லை. மலையாளிக் கடை ஒன்றில் அவருக்குச் சோறு வாங்கிக் கொடுத்தேன், அதாவது நானே சாப்பிட்டேன். பூங்காவில் ஒரு மரத்தடியில் படுக்க வைத்தேன். உடம்பு உடனே குறட்டை விட்டது, உள்ளே நான் மட்டும் முழித்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து தட்டி எழுப்பினார். பச்சைப் பட்டை கட்டிய உடம்பைத் தூங்க வைக்கக் கூடாதாம், அது விருந்தினரின் நேரத்தை வீணாக்குவதாம். விருந்தினர் நான்தான் என்றேன். அப்படியானால் எழுந்து எதையாவது ரசியுங்கள் என்றார்.

திரும்பி வந்து என் நாற்காலியில் கண் விழித்ததும் பிலோமினாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "வெளிய சொல்லிராதீங்க சார். போனை அணைக்காம விட்டதுக்கு அண்ணனைத்தான் நிப்பாட்டுவாங்க."

"அவருக்கு ஒரு சீட்டாவது எழுதித் தர்றேன். என்னென்ன பேசினேன்னு அவருக்குத் தெரியணுமில்ல?"

"விருந்தினர் சீட்டு கொடுக்கக் கூடாது சார். ஏதாவது சொல்லணும்னா கருத்துப் படிவம் இருக்கு."

படிவத்தில் ஐந்து கேள்விகள். உடம்பு சுத்தமாக இருந்ததா? முழங்கால் ஒத்துழைத்ததா? உடம்பின் சொந்த விஷயங்கள் உங்கள் பயணத்துக்கு இடையூறாக இருந்தனவா? நான் எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போட்டேன். அவருக்கு என்னால் செய்ய முடிந்த உதவி அவ்வளவுதான்.

மகள் வீட்டுக்கு வந்து நான்கு நாள் யோசித்து இதை எழுதுகிறேன். நீங்கள் சம்மதம் சொன்னது என் வார்த்தைகளுக்கு. அந்த வார்த்தைகளோடு குடும்பம் நடத்தப் போவது வேறொருவர். அவரிடம் இன்னும் யாரும் எதையும் கேட்கவில்லை. அவருடைய பெண் பார்க்கும் நாளில் அவர் ஒருவர்தான் வரவில்லை. அதை யாரும் கவனிக்கவும் இல்லை.

இதைப் படித்து நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் ஒரு நல்ல மனிதரின் ஏழாவது இடத்தையும் நான் கெடுத்தவன் ஆவேன். எழுதாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். இரண்டில் எது குறைந்த பாவம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, அதனால் எழுதிவிட்டேன். மன்னிக்கும்படி கேட்க எனக்கு வாய் இல்லை.

இப்படிக்கு,
செ. தணிகாசலம்

*

மரியாதைக்குரிய தணிகாசலம் ஐயாவுக்கு, மீனாள் எழுதுவது.

உங்கள் கடிதம் பதினெட்டு நாள் கழித்து லேபுக்கு வந்து சேர்ந்தது. நீங்கள் அவ்வளவு யோசித்து எழுதியதை அவர் பெண் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டார்.

என் நம்பரை அவர் மாமாவிடம் வாங்கிக் கூப்பிட்டார். "வணக்கங்க. அடைக்கலம் பேசுறேன். மத்தியானம் உங்ககிட்ட பேசுனது நான் இல்லைங்க. முழிச்சுப் பாத்தா எனக்கு நிச்சயம் ஆகியிருக்குன்னு எல்லாரும் சொல்றாக," என்றார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். பிறகு வேலையைப் பற்றி முழுக்கச் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் நானே கூப்பிட்டேன், திட்டுவதற்கு. போனை ஏன் அணைக்காமல் விட்டீர்கள் என்று கேட்டேன். "எவனாச்சும் எடுத்து, ஆள் தூக்கத்துல இருக்காரு, அப்புறம் கூப்பிடுங்கன்னு சொல்லுவான்னு நெனச்சேங்க. இப்படி உக்காந்து சம்பந்தம் பேசி முடிப்பான்னு நெனைக்கலை," என்றார். மன்னிக்கவும், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

நான் திட்டி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஆளு என் பேர்ல என்னென்ன சொன்னாருன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. எது எனக்கு முடியும், எது முடியாதுன்னு சொல்லிடுறேன்," என்றார்.

சொன்னேன். வேலைக்குப் போவது சரி என்றார். என் அம்மா எங்களோடு இருப்பது பற்றி, அம்மாவிடம் கேட்டீர்களா, அவர்களுக்குச் சம்மதமா என்று திருப்பிக் கேட்டார். நான் கேட்டிருக்கவில்லை. சமையலில் ரசம் மட்டும் வரும், மற்றதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். கடைசியாக, இரண்டு வருடத்தில் ஊருக்கு வருவதைச் சொன்னேன்.

"அது முடியாதுங்க. ஒப்பந்தம் இன்னும் மூணு வருஷம் நாலு மாசம் இருக்கு. நடுவுல விட்டுட்டு வர விடமாட்டாங்க. உங்களுக்கு அது ஒத்து வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் மாமாகிட்ட என் மேலயே தப்புன்னு சொல்லிக்கிடுறேன்."

ஐயா, நீங்கள் நான் கேட்ட எதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. இவர் முடியாது என்று சொன்ன பிறகுதான் எனக்கு எதிரில் ஒரு ஆள் இருப்பது தெரிந்தது. ஒரு வாரம் யோசித்தேன். மூன்று வருடம் நாலு மாதம் என்பது எனக்குப் பெரிய காலம்தான். அழுகைகூட வந்தது. பிறகு சரி என்று அவரிடமே சொன்னேன். இந்தத் தடவை அவர் முழித்திருக்கிறாரா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டு சொன்னேன்.

அவர் அம்மாவிடம் மட்டும் இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அன்றைக்கு அப்படிப் பேசின பிள்ளை, மறுபடி ஏன் 'ம்' கொட்ட ஆரம்பித்துவிட்டான் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தை மாதம் கல்யாணம். ஒரு மாதம் லீவு கொடுத்திருக்கிறார்கள். பத்திரிகை உங்கள் செய்யாறு விலாசத்துக்கு வரும், விலாசம் எழுதி அனுப்புங்கள். அவர் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், எதற்கு என்று சொல்ல மாட்டேன் என்கிறார். வருவதானால் சொந்த உடம்போடு வரவும்.

இப்படிக்கு,
மீனாள்